வாட்டர்கிரெஸ்: ஓடையில் அடையாளம் காண்பதும் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதும்

ஜனவரி மாதக் காலையில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பக்கம் நடந்தால் வயல் முழுக்க உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். புல்கூடப் பழுப்பாகியிருக்கும். ஊற்று கிளம்பும் இடத்தில் மட்டும் தண்ணீரிலிருந்து லேசாக ஆவி எழும், அதன் கீழே கரும்பச்சை நிறத்தில் ஒரு கீரை செழித்துப் படர்ந்திருக்கும். நான் வாட்டர்கிரெஸ்ஸை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். குனிந்து ஒரு இலையைக் கிள்ளினேன். கூட வந்தவர் சட்டென்று சொன்னார்: "கசக்கி முகர்ந்து பாருங்கள். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்."

முகர்ந்தேன். அம்மியில் அப்போதுதான் அரைத்த பச்சைக் கடுகின் வாசம். இவ்வளவு நல்ல கீரையை ஏன் வாயில் வைக்கக் கூடாது என்று அன்று புரியவில்லை. காரணத்தைத் தெரிந்துகொண்டபோது கீரையையும் புரிந்துகொண்டேன். இதன் ருசி, வளர்ச்சி, ஆபத்து மூன்றும் அது நிற்கும் தண்ணீரிலிருந்துதான் வருகின்றன. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர், டார்செட், வில்ட்ஷயர் பகுதிகளின் அடியில் சுண்ணப்பாறை இருக்கிறது. மேட்டில் பெய்யும் மழை அந்தப் பாறைக்குள் ஊறி இறங்கி, நெடுங்காலம் உள்ளேயே தங்கி, அப்புறம் தாழ்வான இடத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. கோடையோ குளிர்காலமோ, அந்த ஊற்றுநீரின் வெப்பம் 10, 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெளியே பனி உறையும்போது அது வெதுவெதுப்பு. ஜூலை வெயிலில் அதுவே குளிர்ச்சி. தெளிவான, சுண்ணாம்புச் சத்துள்ள, நிற்காமல் மெல்ல ஓடும் ஆழமில்லாத நீர். வாட்டர்கிரெஸ் கேட்பது இதைத்தான்.

தாவரவியலில் இதன் பெயர் நாஸ்டர்டியம் அஃபிசினாலே. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். பல ஆண்டு வாழும் செடி. தண்டு உள்ளே கூடாக இருப்பதால் மிதக்கும். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விடும். சில வேர்கள் அடியிலுள்ள சரளையைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை நூல் நூலாகத் தண்ணீரிலேயே தொங்கும். வாத்தோ மாடோ மிதித்து ஒரு துண்டு முறிந்தால் அது ஓடையோடு மிதந்து போய், எங்காவது கல்லில் தடுக்கி, அங்கேயே வேர்விட்டுப் புதுக் கூட்டமாகிவிடும். விதையால் பரவுவது ஒரு பக்கம் இருக்க, இப்படி முறிந்து பரவுவதுதான் இதன் பெரிய பலம். ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் பூர்வீகமான இந்தச் செடி இன்று அமெரிக்க ஓடைகளிலும் நியூசிலாந்து ஓடைகளிலும் தானாக வளர்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதில் நீலகிரி, கொடைக்கானல் மலை ஓடைகளிலும் நுவரெலியாப் பக்கத்திலும் நிலைத்துவிட்டது. நமக்கெல்லாம் பழகிய ஒரு தமிழ்ப் பெயர் இதற்கு அமையவில்லை. வாட்டர்கிரெஸ் என்றே சொல்லிப் போகிறேன்.

நெடுங்காலம் இதைக் காட்டுக் கீரையாகப் பறித்தே விற்றார்கள். 1808-ல் வில்லியம் பிராட்பெரி என்பவர் கென்ட் பகுதியில் ஸ்பிரிங்ஹெட் என்ற இடத்தில் பாத்தி கட்டிப் பயிரிடத் தொடங்கினார். 1865-ல் ஹாம்ப்ஷயரிலுள்ள ஆல்ரெஸ்ஃபோர்டு ஊருக்கு ரயில் வந்ததும் கீரைக் கூடைகள் அதில் லண்டனுக்குப் போயின. அந்தப் பாதையை இன்றும் வாட்டர்கிரெஸ் லைன் என்றுதான் அழைக்கிறார்கள். ரொட்டியோடு ஒரு கட்டுக் கீரை என்பது அன்றைய லண்டன் ஏழைகளின் காலை உணவு. ரொட்டி வாங்கக் காசில்லாதவர்கள் கீரையை மட்டும் தின்றதால் 'ஏழையின் ரொட்டி' என்றும் இதற்குப் பெயர் உண்டு.

படி 1: அடையாளம் காணுங்கள்

கரையில் உட்கார்ந்து ஒரு கிளையைக் கையில் எடுத்து மெதுவாகப் பாருங்கள். அவசரம் வேண்டாம்.

ஒரு காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். நுனியில் ஒன்று தனியாக நிற்கும். அந்த நுனியிலைதான் எல்லாவற்றிலும் பெரியது, உருண்டையானது. ஓரம் வழவழப்பாக அல்லது லேசாக நெளிந்திருக்கும், ரம்பப்பல் இருக்காது. இலையிலும் தண்டிலும் ரோமம் இல்லை. தண்டைக் குறுக்கே கிள்ளினால் உள்ளே கூடாக இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் கணுக்களைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வேர்கள் தாடிமயிர்போலத் தொங்கும்.

மே மாதத்திலிருந்து பூக்கும். கடுகுக் குடும்பத்துக்கே உரிய நான்கு இதழ்ப் பூ, வெள்ளை நிறம், அரை சென்டிமீட்டர் அளவு. அதன்பின் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளத்தில் லேசாக வளைந்த காய். காயைப் பிளந்தால் ஒவ்வொரு பாதியிலும் விதைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரே வரிசையாக இருந்தால் அது இதன் உடன்பிறப்பு, குளிர் வந்ததும் செம்பழுப்பாக மாறும் வகை. அதுவும் உண்ணத் தகுந்ததுதான்.

கடைசியாக வாசனை. கசக்கினால் மிளகும் கடுகும் கலந்த காரம் மூக்கில் ஏற வேண்டும். நாஸ்டர்டியம் என்ற லத்தீன் பெயருக்கே 'மூக்கைத் திருகுவது' என்று ரோமானிய அறிஞர் பிளினி விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை: விதைக் கடையில் 'நாஸ்டர்டியம்' என்று கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் அழகுச் செடியின் விதையைத் தருவார்கள். அதன் இலையும் இதேபோல் காரமாக இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குடும்பமே வேறு.

படி 2: ஏமாற்றும் செடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வாட்டர்கிரெஸ்ஸின் அதே ஓடையில், அதோடு பின்னிக்கொண்டு, கேரட் குடும்பத்துச் செடிகள் வளர்கின்றன. அந்தக் குடும்பத்தில் கொத்தமல்லியும் உண்டு, கொடிய விஷமும் உண்டு.

அடிக்கடி ஏமாற்றுவது 'ஃபூல்ஸ் வாட்டர்கிரெஸ்'. பேரே அதைச் சொல்கிறது. எனக்கும் இரண்டாவது ஆண்டில் இது நடந்தது. ஒரு கைப்பிடி பறித்து, கரையில் நின்றே சரிபார்த்தபோது பாதிக்குப் பாதி அதுதான். வேறுபாடு இதுதான்: அதன் சிற்றிலைகள் கூரானவை, ஓரத்தில் பல் உண்டு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. இலைக்காம்பின் அடி தண்டைச் சுற்றி உறைபோல் தழுவியிருக்கும். கசக்கினால் கேரட் வாசம்தான் வரும், கடுகு வராது. பூக்கள் குடைபோல் விரிந்த கொத்தாக இருக்கும். அந்தச் செடி விஷமில்லை. ஆனால் அதையும் வாட்டர்கிரெஸ்ஸையும் பிரித்தறியத் தெரியாதவர் அதன் விஷமுள்ள உறவினரையும் பிரித்தறிய மாட்டார்.

அந்த உறவினர் ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட். பிரிட்டனின் மிகக் கொடிய விஷச் செடிகளில் ஒன்று. இலை செலரியையோ தட்டை இலைப் பார்ஸ்லியையோ நினைவூட்டும். வேரில் வெளிறிய கிழங்குகள் விரல்களைப்போலக் கொத்தாக இருப்பதால் 'செத்தவன் விரல்' என்று உள்ளூரில் அழைப்பார்கள். உண்டால் வலிப்பு வரும், உயிரே போகலாம். வசந்த காலத் தொடக்கத்தில் இளம் இலைகள் வாட்டர்கிரெஸ் படுகையின் நடுவிலேயே முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோலால் கொத்தாக வெட்டும் பழக்கம் அதனால்தான் ஆபத்து. ஓடையில் எடுப்பதென்றால் ஒவ்வொரு கிளையாக எடுங்கள், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

படி 3: தட்டைப்புழுவைப் பற்றி

சரி, செடியைச் சரியாகவே அடையாளம் கண்டுவிட்டீர்கள். தண்ணீரும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அப்படியே கழுவிச் சாப்பிடலாமா என்றால், கூடாது.

ஆடுமாடு வளர்த்தவர்களுக்கு ஈரல் தட்டைப்புழு தெரியும். அதே புழுதான் இங்கும் வில்லன். ஆட்டின் பித்தநாளத்தில் வாழும் புழு இடும் முட்டை சாணத்தோடு வெளியேறி ஈர நிலத்தில் விழுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம் உயிர் நீந்திப்போய் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சேற்று நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. அங்கிருந்து வாலுள்ள நுண்புழுக்களாக வெளியே வந்து, தண்ணீரோரச் செடியில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்த இலையை ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு, மனிதன் பச்சையாகத் தின்றால் மனிதனுக்கு. குடலைத் துளைத்து ஈரலுக்குள் புகுந்து, அங்கே வாரக்கணக்கில் துளைத்தபடி நகர்ந்து, கடைசியில் பித்தநாளத்தில் 2, 3 சென்டிமீட்டர் நீளமுள்ள இலை வடிவப் புழுவாகத் தங்கிவிடும். பல ஆண்டுகள் உள்ளேயே வாழும்.

காய்ச்சல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, பசியின்மை என்று தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் எகிறியிருக்கும். டிரைகிளபெண்டசோல் என்ற மருந்து இதைத் தீர்க்கும். ஆனால் ஓடைக் கீரை தின்றதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அந்தத் திசையில் யோசிப்பார். அதனால் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கூடு இலையில் பசைபோல ஒட்டியிருக்கும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது. குழாய்த் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் போகும் என்று நம்ப முடியாது. உப்பு நீர், வினிகர், மஞ்சள் தண்ணீர் எதையும் நம்பிப் பச்சையாகத் தின்னாதீர்கள். நன்றாகக் கொதிக்க வைத்தால் மட்டுமே புழு சாகும். இங்கிலாந்தில் பாத்தியில் வளர்த்துக் கடையில் விற்கும் கீரைக்கு இந்தக் கவலை வேண்டாம். நிலத்தடியிலிருந்து நேரே வரும் ஊற்றுநீரை, கால்நடை அண்டாதபடி வேலி போட்ட பாத்திகளுக்குள் விட்டு அதை வளர்க்கிறார்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பது இங்கே எந்த உத்தரவாதமும் அல்ல. ஓடையின் மேல்பக்கம் ஆடுமாடு மேய்கிறதா என்பதுதான் கேள்வி, ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் அநேகமாக எப்போதும் மேய்கிறது.

படி 4: எடுத்தே ஆகவேண்டும் என்றால்

எடுப்பவர்களை நான் தடுக்கவில்லை. நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பிரிட்டனில் காட்டுச் செடியின் இலையைச் சொந்த உபயோகத்துக்குக் கிள்ளுவது திருட்டாகாது. ஆனால் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. தண்ணீருக்கு மேலே நிற்கும் நுனியை மட்டும் கிள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள். சூப்பாகவோ கூட்டாகவோ கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். கழிவுநீர் கலக்கும் ஓடை, சாலையோர வாய்க்கால் பக்கம் போகவே வேண்டாம்.

பெயரில் 'ஆர்' எழுத்து வரும் ஆங்கில மாதங்களில்தான் எடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ருசியைப் பொறுத்தவரை அது சரி. பூக்கும் மாதங்களில் இலை சிறுத்து, கசப்பேறிவிடும். ஆனால் புழுவுக்கு மாதக் கணக்கெல்லாம் கிடையாது.

காட்டுக் கீரை தின்னும் ஆசை மட்டும்தான் என்றால் வேறொரு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் உங்கள் பூந்தொட்டிகளிலேயே தானாக முளைக்கும் ஹேரி பிட்டர்கிரெஸ். உள்ளங்கையளவு வட்டமாகத் தரையோடு படர்ந்து, சிறிய வெள்ளைப் பூ விட்டு, காய் முற்றியதும் விரல் பட்டாலே பட்டென்று வெடித்து விதையை முகத்தில் தெறிக்கும். அதே கடுகுக் காரம், கொஞ்சம் மென்மையாக. ஓடைத் தண்ணீரே படாத தொட்டியில் முளைப்பதால் தட்டைப்புழுப் பயம் இல்லை. களை என்று பிடுங்கி எறிபவர்களே அதிகம். நான் அதைப் பச்சடியில் போடுகிறேன்.

படி 5: கடைக் கட்டிலிருந்து வளர்ப்பது

வாட்டர்கிரெஸ்ஸை மனநிம்மதியோடு பச்சையாகத் தின்ன வழி, அதை உங்கள் வீட்டுத் தண்ணீரில் வளர்ப்பதுதான். ஓடையிலிருந்து துண்டு எடுத்துவந்து நடாதீர்கள். அதோடு நத்தையும் புழுக்கூடும் வந்து சேரும். கடையில் ஒரு கட்டோ பாக்கெட்டோ வாங்குங்கள். வெறும் இலையாக இல்லாமல் தடித்த தண்டு உள்ளதாகப் பாருங்கள். தண்டின் கணுவில் அரிசி முனையளவு வெள்ளையாக ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அதுதான் வேர்முனை. அந்தக் கட்டை விடாதீர்கள்.

பத்துத் தண்டுகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளத்துக்குக் குறைவாக வெட்டுங்கள். அடி இரண்டு கணுக்களில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மட்டும் முழுகும்படி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இதில் சோம்பினால் மூன்றாம் நாளே தண்டு கொழகொழத்து நாறும்.

நாலைந்து நாளில் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலையைக் கிள்ளிய இடத்திலிருந்து பட்டுநூல்போல ஒன்று கிளம்பியிருக்கும். மறுநாள் இரண்டு, மூன்று. ஒரு வாரத்தில் விரல் நீளத்துக்கு வேர் வந்துவிடும். எத்தனை தடவை செய்தாலும் இந்தக் காட்சி எனக்குச் சலிக்கவில்லை. அப்போது தொட்டிக்கு மாற்றலாம்.

20 சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டி, அடியில் ஓட்டை உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். மக்கிய உரமும் பொடிச் சரளையும் கலந்து நிரப்பி, மேலே ஒரு விரற்கடை கனத்துக்குச் சரளை பரப்புங்கள். சரளை இருந்தால் மண் கலங்காது, தண்டும் படுத்து வேர்விட இடம் கிடைக்கும். தொட்டியை ஒரு ஆழமான தட்டில் வைத்து, தட்டில் 4, 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் நீர் இல்லாமல் இது வளருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வளரும். ஓட்டம் எதற்கு என்று யோசித்தால் வழி கிடைக்கும். ஓடும் நீரில் காற்று கலந்திருக்கும், புதுச் சத்து வந்துகொண்டே இருக்கும், அழுகல் தங்காது. அதை நாம் செம்பால் செய்கிறோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை, கோடையில் தினமும், தொட்டியின் மேலிருந்து புதுத் தண்ணீரை ஊற்றித் தட்டிலிருக்கும் பழைய நீர் வழிந்து போகும்வரை விடுங்கள். தட்டில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுங்கள். மழைநீர்ப் பீப்பாயில் பிடித்த நீர் வேண்டாம். பச்சையாகத் தின்னப் போகிறோம், கூரையில் பறவை எச்சம் இருக்கும். குழாய் நீரே போதும். லண்டன் பக்கம் கெட்டிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் கடின நீர் பலருக்குத் தலைவலி, ஆனால் இந்தக் கீரைக்கு அது சொந்த ஊர்த் தண்ணீர்.

தினம் நாலைந்து மணிநேர வெயில் போதும். கோடை மதியத்தில் நிழல் வேண்டும். ஓடை நீரில் வரும் சத்து தொட்டியில் வராது என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடற்பாசித் திரவ உரத்தை நிறைய நீர் சேர்த்துக் கொடுங்கள். அடியிலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இலை கருஞ்சிவப்பாக மாறினால் குளிரோ மணிச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கும். தையில் என்றால் குளிர்தான், விட்டுவிடுங்கள்.

விதையிலிருந்து என்றால்

விதை கசகசாவைவிடச் சிறியது. மண்மேல் தூவி லேசாக அழுத்துங்கள், மூடாதீர்கள். வெளிச்சம் பட வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நீர்ச்செடிதானே என்று முழுக்கத் தண்ணீர் விட்டால் விதை மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். ஈரம் மட்டும் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நாற்று ஒரு விரல் உயரம் வந்த பிறகு தட்டில் நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாத்தி போடும் விவசாயிகளும் இப்படித்தான், நாற்றை வேறிடத்தில் வளர்த்துச் சரளைப் பாத்தியில் விட்டு, வேர் பிடிக்கப் பிடிக்க நீரோட்டத்தைக் கூட்டுகிறார்கள். வசந்த காலத்தில் விதைத்தால் முதல் பறிப்புக்கு இரண்டு மாதம்வரை ஆகலாம். தண்டு நட்டதென்றால் ஒரு மாதத்துக்குள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்க்க நினைப்பவர்களுக்கு: ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா என்றால் ஆண்டு முழுதும் வரும். சமவெளியில் கார்த்திகை தொடங்கித் தை வரை, நிழல்வலைக்குக் கீழே, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி முயன்று பார்க்கலாம். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் இலை சிறுத்துக் கசக்கும், சீக்கிரம் பூத்துவிடும். சென்னை சித்திரையில் இதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம். அந்தக் காரம் மட்டும் போதும் என்றால் கடையில் கிடைக்கும் ஹலீம் விதையை ஈரத் துணியில் முளைக்க வைத்துப் பாருங்கள். அதுவும் கிரெஸ் வகைதான், கார்டன் கிரெஸ். ஒரு வாரத்தில் வெட்டலாம். கொசுவும் சமவெளிக்காரர்களின் கவலை. தட்டு நீரை இரண்டு நாளுக்குமேல் நிற்க விடாதீர்கள்.

பூச்சி

அசுவினி வரும். தொட்டியோடு தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் கால்மணிநேரம் முழுக்கி வையுங்கள், பெரும்பாலும் மிதந்துவிடும். நீர்ச்செடி, மூச்சுத் திணறாது. வெள்ளை முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சியின் புழுவைக் கையால் எடுத்துவிடுங்கள். மருந்தடிக்க வேண்டாம். தட்டு நீருக்குள் போய், வேர்வழியாக மறுபடி இலைக்கு வரும்.

இந்தக் கீரை தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் செய்கிறது. இலைக்குள் குளூக்கோநாஸ்டர்டின் என்ற பொருள் ஒரு பக்கமும் மைரோசினேஸ் என்ற நொதி ஒரு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன. கடித்தாலோ கசக்கினாலோ இரண்டும் சேர்ந்து காரமான எண்ணெய்ப் பொருளாக மாறுகின்றன. அந்த மிளகு வாசம் அதுதான். சுண்ணப்பாறை ஓடைகளில் வாழும் நன்னீர் இறால்கள் பச்சை இலையைத் தொடாமல், பழுத்து மஞ்சளான இலையைத்தான் தின்கின்றன. காரம் இறங்கும்வரை காத்திருக்கின்றன.

படி 6: வெட்டுவது

தண்டு ஒரு சாண் உயரம் வந்ததும், காலையில், நீருக்கு மேலே இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுக் கிளை வரும், தொட்டி அடர்ந்துகொண்டே போகும். முதல் வெட்டுக்கு ஆசைப்பட்டு ஒட்ட வெட்டினால் செடி மீள ஒரு மாதமாகும். மொட்டு தெரிந்தால் உடனே நுனியைக் கிள்ளுங்கள். பூத்த பிறகு கிடைக்கும் இலை பச்சையாகத் தின்னச் சுகமில்லை, சூப்புக்குப் பரவாயில்லை.

வெட்டிய கீரை சீக்கிரம் வாடும். பூங்கொத்துபோல டம்ளர் நீரில் நிறுத்தி, மேலே ஒரு பை கவிழ்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

தட்டுக்கு வந்தபின்

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துச் சம்பலாகப் பிசைந்து வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "தாளிக்கவே இல்லையே, கடுகு வாசம் எங்கேருந்து வருது?" என்றார். அந்தக் கேள்வியிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது. கடித்தால்தான் காரம் பிறக்கும். நொதி சூட்டில் செத்துவிட்டால் காரமும் வராது. காரம் வேண்டுமென்றால் பச்சையாக, பொடியாக அரிந்து போடுங்கள். பருப்பில் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்தபின் போட்டு ஒரு கிளறு கிளறினால் பாதிக் காரம் மிஞ்சும். துவையலுக்கு உளுந்தும் மிளகாயும் வறுத்த சூட்டில் கீரையை ஒரு பிரட்டு பிரட்டி எடுத்தால் போதும்.

காரமே வேண்டாம் என்பவர்களுக்குக் கான்டனீஸ் வழி இருக்கிறது. பன்றி விலா எலும்போடு மணிக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். கீரை கறுத்துக் குழைந்து, சாறு இனிப்பாகிவிடும். ஹாங்காங்கின் மோங் காக் பகுதியில் ஒரு தெருவுக்கே இந்தக் கீரையின் பெயர். ஒரு காலத்தில் அங்கே கீரைப் பாத்திகள் இருந்தன. ஓடையில் பறித்ததற்கும் இந்தச் சூப்பு பொருத்தம். ஆங்கிலேயர்கள் உருளைக்கிழங்கோடு சூப்பாக வைப்பார்கள், வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவிலும் வைப்பார்கள்.

100 கிராமில் 95 பங்கு தண்ணீர்தான். 11 கலோரி, சுமார் 43 மில்லிகிராம் வைட்டமின் சி, 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 250 மைக்ரோகிராம் வைட்டமின் கே. 2014-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இதழில் வெளிவந்த ஒரு பட்டியலில் 41 காய்கனிகளில் இது 100-க்கு 100 வாங்கி முதலிடத்தில் வந்தது. அந்தக் கணக்கு கலோரிக்கு எவ்வளவு சத்து என்பது. கலோரி மிகக் குறைந்த கீரை அதில் முந்துவது இயல்பு. நம் முருங்கைக்கீரையை விட்டுவிட்டு இதை மருந்தாகத் தின்ன வேண்டியதில்லை, ருசிக்காகத் தின்னுங்கள்.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கவனம். இதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். திடீரென்று தினமும் ஒரு கட்டு தின்னத் தொடங்காதீர்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குளிர்காலத்துக்கு முன்

இங்கிலாந்தில் நவம்பர் வந்ததும் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்குங்கள். நம் தட்டு நீர் ஊற்றுநீர்போல 10 டிகிரியில் நிற்காது, உறையும். மேலிலை கருகினாலும் நீரடியில் கிடக்கும் கணு பிழைத்துக்கொள்ளும். நான் நாலு தண்டை வெட்டிச் சமையலறை ஜன்னலில் பழையபடி டம்ளரில் போட்டு வைப்பேன். வெளித்தொட்டி போனாலும் மார்ச்சில் அந்த நாலிலிருந்து மறுபடி தொடங்கலாம். விதை வேண்டும் என்றால் ஒரு கிளையை மட்டும் பூக்க விட்டு, காய் பழுப்பாகத் தொடங்கும்போதே காகித உறைக்குள் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். முற்ற விட்டால் விதை தட்டுக்குள் கொட்டி, ஊற்றும் தண்ணீரோடு போய்விடும்.